ஏலம் மணக்கும் விருந்து

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு அருகே, ஏலமலைத் தொடரின் அடிவாரப் பகுதியில் அமைந்த ஊர் சிலமலை. இவ்வட்டாரத்துத் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். முற்றிலும் பழுக்கும் முன்னரே பறிக்கப்படும் காய்கள், பச்சை நிறம் மாறாமல் உலர்த்தப்பட்டுப் பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றன. போடியில் நடைபெறும் ஏல விற்பனைக்குப் பின் அவற்றுள் ஒரு பகுதி கடல் கடந்து அரபு நாடுகளை அடைகிறது. அங்கே பாலைநிலக் கூடாரங்களில் வழிப்போக்கரை வரவேற்கும் காப்பியில் மணம் கூட்டுவது ஏலக்காயே.

பெதூயின்கள் அரேபியப் பாலைநிலத்தில் ஒட்டகங்களையும் ஆடுகளையும் மேய்த்து வாழ்ந்த நாடோடி மக்கள். கூடாரத்தை நாடி ஒருவர் வந்தால், விருந்தளிப்பவர் காப்பிக் கொட்டையை அவர் முன்னிலையிலேயே வறுத்து உரலில் இடிப்பார். அவ்வோசை கேட்டு அண்டை அயலாரும் வந்து கூடுவர். ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சிய காப்பியை இடக்கையில் ஏந்திய கெண்டியிலிருந்து, வலக்கையிலுள்ள பிடியில்லாச் சிறு கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றித் தருவர். போதுமெனில் விருந்தினர் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டுவார். வந்தவரை மூன்று நாள் வரை பேணிக் காப்பது மரபு. பகைவரே ஆயினும், விருந்தினராக இருக்கும் வரை அவர் உயிருக்கு விருந்தளிப்பவரே பொறுப்பு.

இம்மரபின் ஆழத்தை நேரில் கண்டவர் வில்ஃபிரட் தெசிஜர் என்னும் ஆங்கிலேயப் பயணி. ‘வெற்றிடம்’ என்று பொருள்படும் ரூப் அல் காலி பாலைநிலத்தை 1946ஆம் ஆண்டில் தொடங்கிய பயணத்தில் அவர் பெதூயின் தோழர்களுடன் கடந்தார். உணவும் நீரும் அருகிய அப்பயணத்தில் ஒரு நாள் அவர்களுக்கு ஒரு முயல் கிடைத்தது. பல நாள் இறைச்சியைக் காணாத அவர்கள், அது வேகும்வரை ஆவலோடு காத்திருந்தனர். உண்ணத் தொடங்கும் வேளையில் அயலார் மூவர் அங்கு வந்தனர். தோழர்கள் அவர்களை முகமலர்ச்சியோடு வரவேற்று, முயற்கறி முழுவதையும் அவர்கள்முன் படைத்தனர். தமக்கெனச் சிறிதும் எடுத்துக்கொள்ளவில்லை. பசியோடிருந்த தெசிஜருக்கோ உள்ளத்தில் சினமே எழுந்தது. இந்நிகழ்ச்சியை அவர் 1959இல் வெளியான ‘அரேபிய மணல்வெளிகள்’ என்னும் நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

பசித்திருந்தவர்கள் தம் உணவை முழுவதுமாக அளித்தது ஏன்? பாலைநிலத்தில் ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே பல நாள் தொலைவு உண்டு. அங்கே வழிப்போக்கரைத் திருப்பி அனுப்புவது அவரைச் சாவுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். இன்று விருந்தளிப்பவர் நாளை வேறொரு கூடாரத்தின் முன் நீர் வேண்டி நிற்க நேரலாம். எனவே, வறிய நிலத்தில் விருந்தோம்பல் அனைவரின் உயிரையும் காக்கும் அறமாயிற்று.

தமிழரும் இவ்வறத்தை நன்கறிந்தவர். ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பதும் பொருள். புதிதாக வருபவரே விருந்தினர். திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழிகூறும் மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் அவர்களை உறவினரைப்போல ஏற்றுத் தினைச்சோறும் இறைச்சியும் அளிப்பர் என்கிறது. அங்கும் உணவளிப்பவர் அரண்மனைச் செல்வர் அல்லர். மலைச்சரிவில் உழைத்து வாழும் எளியோரே.

இன்று பெதூயின்களுள் பெரும்பாலோர் நகரங்களிலும் நிலையான ஊர்களிலும் குடியேறிவிட்டனர். ஆயினும் காப்பி உபசாரம் தொடர்கிறது. கொடைப்பண்பின் அடையாளமான அரபுக் காப்பியை யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டு மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏலமலைச் சரிவில் காய் பறிப்போர் அக்கூடாரங்களைக் கண்டதில்லை. எனினும், முன்பின் அறியாத ஒருவரை ‘வருக’ என்று அழைக்கும் அந்தக் கிண்ணத்தில் அவர்களது உழைப்பும் கலந்திருக்கிறது.