ஆபீஸ் குரூப்பில் டிரெய்னிங் வீடியோ: டவுன்லோடு செய்யலாம்... எல்லோருக்கும் அனுப்பலாமா?

"புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. வீடியோ போட்டிருக்கேன். திங்கட்கிழமைக்குள்ள எல்லாரும் பாத்துட்டு வந்துடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜைப் பார்க்காதவர்கள் குறைவு. கீழே நான்கைந்து வீடியோ, ஒரு பிடிஎஃப், ஒரு ஜிப் ஃபைல். யார் தயாரித்தது, எங்கிருந்து டவுன்லோடு செய்தது, எந்த வருடத்தது என்று எந்த விவரமும் இருக்காது. அனுப்பியவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே இருக்கும் மணவாள நகரைச் சுற்றி இது அன்றாட விஷயம். ஒரு பக்கம் காக்களூர் சிட்கோ, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் சாலை. அதே மாவட்டத்தில், வேறொரு ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டி சிப்காட். பெரிய தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக் கூடமும் பயிற்சியாளரும் உண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் இருபது பேர் யூனிட்டில் அக்கவுன்டன்ட்தான் ஹெச்.ஆர்., அவரேதான் டிரெய்னரும்.

ஆனால் சாஃப்ட்வேர் தெரிந்தே ஆக வேண்டிய கட்டாயம் சின்ன யூனிட்டுக்கும் வந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. பில் போடுகிறவருக்கு அது தெரியாவிட்டால் லாரி கேட்டிலேயே நிற்கும். அந்த அவசரத்தில்தான் கிடைத்த வீடியோவை எல்லாம் டவுன்லோடு செய்து குரூப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

டவுன்லோடு பட்டன் இருந்தால் பகிரலாம்னு அர்த்தமா?

இல்லை. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். டவுன்லோடு வசதி என்பது பெரும்பாலும் 'நீங்கள் ஆஃப்லைனில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அனுமதி மட்டுமே. பிரதி எடுத்து இருபது பேருக்குக் கொடுப்பது தனி உரிமை. அது அந்தப் பாடத்தைத் தயாரித்தவரிடம் இருக்கிறது.

யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளமே தரும் வசதியைத் தவிர வேறு வழியில் வீடியோவை இறக்கக் கூடாது என்று அதன் விதிமுறை சொல்கிறது. லிங்க்கை அனுப்புவதில் எந்தச் சிக்கலும் இல்லை. வேறு தளம் வழியாக ஃபைலாக இறக்கி அனுப்புவதுதான் பிரச்சினை. காசு கொடுத்து வாங்கும் ஆன்லைன் கோர்ஸ்களோ பொதுவாக வாங்கிய ஒருவருக்கானவை. ஒரு லாகின் வாங்கி ஆறு பேர் பார்ப்பது நம் ஊரில் சிக்கனமாகத் தெரியலாம். ஒப்பந்தப்படி அது மீறல்.

கேஸ் ஆகுமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யப்படாத மீறல் என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இந்தக் குற்றம் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகை என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்தது. திருட்டு சாஃப்ட்வேரைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதில் குறைந்தபட்சம் 7 நாள் சிறை.

ஒரு வீடியோவை ஃபார்வர்டு செய்ததற்காக நாளைக்கே போலீஸ் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'கிராக்' செய்த சாஃப்ட்வேரும் அதற்கான டிரெய்னிங் வீடியோவும் ஒரே ஜிப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்தால் விஷயம் வேறு. வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்று அங்கே சொல்ல முடியாது.

'படிப்புக்காகத்தானே, அதுக்கு விலக்கு இருக்கே' என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. பாடப் பகுதிகளைத் தொகுத்து நகல் எடுத்துக் கொடுத்தது அந்தக் கடை. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் பிரதி எடுப்பது மீறல் அல்ல என்ற 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மட்டும் மறு விசாரணைக்கு அனுப்பினாலும், அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. 2017-ல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. ஆனால் அது ஒரு பல்கலைக்கழகமும் அதன் மாணவர்களும் சம்பந்தப்பட்ட வழக்கு. லாபத்துக்காக நடக்கும் கம்பெனி, ஊழியர் பயிற்சிக்கு அந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடித்துக்கொள்வது ரிஸ்க்.

அப்போ எதைத் தாராளமா பகிரலாம்?

தமிழிலேயே இருக்கிறது. மத்திய அரசின் நிதியுதவியோடு ஐஐடி பம்பாயில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இந்தக் கேள்விக்காகவே செய்தது போல இருக்கும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கியது. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான், ஜிம்ப், சைலேப் என்று இலவச, கட்டற்ற மென்பொருள்களுக்குச் சுமார் பத்து பத்து நிமிடப் பாடங்கள். திரையில் மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கும் குரல் மட்டும் தமிழ். வேலைக்குப் போகும் இடத்தில் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

முக்கியமான விஷயம், இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருகின்றன. 'பை-எஸ்ஏ' என்ற வகை. அதாவது தயாரித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். இந்த இரண்டையும் பின்பற்றினால் லாபம் பார்க்கும் கம்பெனிகூட டவுன்லோடு செய்யலாம், பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். எந்த மென்பொருள், எந்த மொழி என்று தேர்வு செய்து மொத்தமாக ஒரே ஜிப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியும் அந்தத் தளத்தில் இருக்கிறது. நெட் சரியாக எடுக்காத ஷெட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? எக்ஸெல்லில் தடுமாறும் ஒரு ஸ்டோர் கீப்பர், லிப்ரே ஆபீஸ் கால்க் பாடத்தைப் பார்த்தாலே ஃபார்முலா, சார்ட், வரிசைப்படுத்துவது எல்லாம் பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 'என்சி' என்ற எழுத்து சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

டேலி போன்ற கட்டண சாஃப்ட்வேருக்கு, அந்த நிறுவனமே இணையத்தில் இலவச உதவிப் பக்கங்களை வைத்திருக்கிறது. அங்கே லிங்க் போதும், ஃபைல் தேவையில்லை.

பழைய பிடிஎஃப் செய்யும் வேலை

சட்டத்தைவிட அடிக்கடி கழுத்தை அறுப்பது காலாவதியான பாடம். ஃபைலாகப் பகிர்ந்தால், அது பகிர்ந்த நாளிலேயே உறைந்துவிடுகிறது. டேலி பிரைம் 2020-ல் வந்தது. அதற்கு முந்தைய ஈஆர்பி 9 வீடியோவில் சொல்லும் மெனுவும் ஷார்ட்கட்டும் பல இடங்களில் இப்போது பொருந்தாது. தவறான வவுச்சரை 'டெலிட் பண்ணிட்டு திரும்பப் போடுங்க' என்று பழைய வீடியோ சொல்லும். 2023 ஏப்ரல் 1 முதல் பதிவுபெற்ற கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாகியே தீர வேண்டும். டெலிட் செய்ததும் ஆடிட்டர் கண்ணில் படும்.

ஜிஎஸ்டி இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதத்துக்கு மாறிவிட்டன. வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே விகிதம், 18 சதவீதம். அதற்கு முன் தயாரித்த பிடிஎஃப்பில் மாதிரி பில் 28 சதவீதத்தில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்து அப்படியே போட்டால், பில் திரும்பி வரும். திட்டு யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் மெட்டீரியல் எங்கேயாவது ஒரே இடத்தில் இருக்கட்டும். ஆபீஸ் டிரைவில் ஒரு ஃபோல்டர், ஃபைல் பெயரிலேயே மாதமும் வருடமும், கூடவே யார் தயாரித்தது, என்ன உரிமம் என்று ஒரு வரி. குரூப்பில் போவது அந்த ஃபோல்டரின் லிங்க் மட்டும். மாற்றினால் எல்லோருக்கும் மாறும். அப்படியும் வாட்ஸ்அப்பில்தான் வீடியோ அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், திரையில் இருக்கும் சின்ன எழுத்து புகை மாதிரி தெரியும்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப், '.exe', '.apk' என்று முடியும் 'டிரெய்னிங் கிட்' வந்தால் திறக்கவே வேண்டாம். பாடம் படிக்க வீடியோவும் பிடிஎஃப்பும் போதும்.

நாமே பதிவு செய்தால்?

அதுதான் சிறந்த வழி. விண்டோஸ் 11-ல் இருக்கும் ஸ்னிப்பிங் டூலிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யலாம். நன்றாகத் தெரிந்த ஒருவர், தன் பேச்சுத் தமிழில், 'இங்க கிளிக் பண்ணு, இப்போ பார்ட்டி பேரைப் போடு' என்று பத்து நிமிடம் பேசினால் போதும். வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், பேங்க் விவரம் திரையில் தெரியாமல் டம்மி கம்பெனி ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வேலையின் ஒரு பகுதியாகச் செய்த பதிவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி முதல் உரிமையாளர் நிறுவனம்தான். வேலை மாறும்போது அதை எடுத்துக்கொண்டு போய்ப் புது ஆபீஸில் பகிர முடியாது.

எந்நேரத்தில் பார்ப்பது?

மெட்டீரியல் சரியானதாகவே இருந்தாலும், 'பாத்துட்டு வாங்க' என்பதில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. டேட்டா ஊழியருடையது, போன் ஊழியருடையது, ஞாயிற்றுக்கிழமையும் ஊழியருடையது. திருவள்ளூர் லோக்கலில் நின்றுகொண்டே ஆறு அங்குலத் திரையில் பார்த்தால் பாடம் ஏறுமா? ஸ்போக்கன் டுடோரியல் தரப்பு பரிந்துரைக்கும் முறையே வேறு. கம்ப்யூட்டரில் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் அந்த சாஃப்ட்வேர், காதில் ஹெட்போன். ஒரு படி பார்த்ததும் நிறுத்திவிட்டு அதையே செய்து பார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் பத்து நிமிடப் பாடத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். நான்கு பாடம் என்றால் இரண்டு மணி நேரம். அதை ஷிப்ட் நேரத்திலேயே, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்டு வாங்கலாம்.