ஏரிக்கு உடையவர் யார்?

ஏரிகளின் ஜில்லா என்பது செங்கற்பட்டின் பழைய பெயர். அந்த ஜில்லாவிலே, தாம்பரத்திற்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரஸ்தாவின் மீதுள்ள பொத்தேரி தன் பெயரிலேயே ஏரியைத் தாங்கி நிற்கின்றது.

முற்காலத்தில் இப்பக்கத்துக் குடிகளுக்கு ஏரியே ஜீவனம். மதகும் கரையும் கெட்டால் நஞ்சை தரிசாகும்; ஆதலின் ஊரார் ஒன்றுகூடிக் குடிமராமத்துச் செய்தனர். அவ்வழக்கத்தினின்று தவறுவோரைக் கட்டுப்படுத்த 1858-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்திற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

1985-ம் வருஷத்தில் எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரி தோன்றியது முதல் ஊரின் கோலமே மாறிற்று. பல பிரதேசத்து மாணாக்கர் மின்சார ரெயிலில் வந்திறங்குகின்றனர், வீடுகள் விடுதிகளாயின, கடையும் வாடகையும் பிழைப்பாயின. கல்வி பெருகுவதை யாம் குறை கூறோம். ஆனால், வயல் போனபின் ஏரிக்கு உடையவர் யார்? குழாய்நீரும் லாரிநீரும் கொள்வோர் மதகைத் திரும்பியும் பாரார்.

2015-ம் வருஷம் டிசம்பரில், தாம்பரத்தையடுத்த முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்தோமா? அன்று பயிருக்காகச் செய்த மராமத்தை இன்று குடியிருப்புக்காகச் செய்தல் வேண்டும். வாடகை வாங்குவோரும் கல்வி பெறுவோரும் ஆண்டுக்கொரு முறை கரையிற் கூடுவாராயின், அதுவும் தேசத்தொண்டேயாம்.