லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

நுழையும்முன்

ஒரு வண்டி எவ்வளவு எரிபொருளைக் குடிக்கிறது என்பது எளிய வினா. விடை அத்துணை எளிதன்று. வாடகை மகிழுந்து ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அவ்விடையே மாத வருவாயைத் தீர்மானிக்கிறது. டீசல் மகிழுந்தின் எரிபொருள் சிக்கனத்தைச் சாலையில் அளப்பது எவ்வாறு, இரு வண்டிகளை நேர்மையாக ஒப்பிடுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு ஊர்கள், ஒரு வினா

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இவ்விரு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. மேற்கே தொடர்ச்சி மலை துணைவர, நோயாளியையும் மணவீட்டாரையும் மதுரைக்குச் செல்வோரையும் ஏற்றிக்கொண்டு வாடகை வண்டிகள் நாள்தோறும் இச்சாலையில் ஓடுகின்றன. வண்டி நிறுத்தத்தில் இரு ஓட்டுநர்கள் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு வரும் அடுத்த வினா, "என்ன மைலேஜ் கிடைக்கிறது?" என்பதாகவே இருக்கும்.

2017ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி டிசையர் டீசல் மகிழுந்திற்குச் சான்றளிக்கப்பட்ட எண், லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர். அவ்வண்டியை ஓட்டுபவரைக் கேட்டால், அந்த எண்ணைத் தாளில் கண்டதாகவும் சாலையில் காணவில்லை என்றும் கூறக்கூடும். அப்படியானால் பொய் சொன்னவர் யார்? ஒருவரும் இல்லை. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

சான்றிதழ் எண் பிறக்கும் இடம்

1966இல் புனேயில் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற சோதனை நிறுவனங்களில், மகிழுந்து சாலையில் ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே உருளைகளின்மேல் ஓடுகிறது. எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது, எத்தனை நொடி நிற்பது என அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டவை. இவ்வோட்டம் 1180 நொடிகள் நீடிக்கும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மொத்தத் தொலைவு 11 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் இரு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவை ஒட்டியே அது அமைந்திருப்பது ஒரு தற்செயல்.

அங்கே எரிபொருள் நேரடியாக அளக்கப்படுவதில்லை என்பது வியப்பளிக்கலாம். புகைக்குழாய் வழி வெளியேறும் வாயுக்களிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, அவ்வளவு கார்பன் வரவேண்டுமாயின் எவ்வளவு டீசல் எரிந்திருக்க வேண்டும் எனப் பின்னோக்கிக் கணிக்கின்றனர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.65 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளிப்படும். இம்முறை நுட்பமானது, எத்தனை முறை செய்தாலும் ஒத்த விடையே தரும். ஆனால் அவ்வறையில் எதிர்காற்று இல்லை, ஏ.சி. ஓடுவதில்லை, குறுக்கே ஆட்டு மந்தை வருவதில்லை. வண்டிகளை ஒன்றோடொன்று வரிசைப்படுத்தவே அந்த எண் பிறந்தது. நம் மாதச் செலவைச் சொல்வதற்காக அன்று.

இவ்விடைவெளி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் 2001இல் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த வேறுபாடு, 2015இல் 40 விழுக்காட்டைத் தாண்டியதாகத் தூய போக்குவரத்திற்கான பன்னாட்டுக் குழு கணக்கிட்டது. 2017 முதல் அங்குக் கடுமையான புதிய சோதனைமுறை நடைமுறைக்கு வந்தது.

தெரியுமா?

டீசல் எந்திரத்தின் முதற்புகழே ஓர் அளவீட்டால் வந்தது. 1897 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எந்திரத்தைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு பயனுள்ள வேலையாக மாறியதை அவர் கண்டறிந்தார். அக்கால நீராவி எந்திரங்கள் பெரும்பாலும் இதில் பாதியைக்கூட எட்டவில்லை.

தொட்டியை நிரப்பி அளத்தல்

சாலையில் அளக்கப் பழைய முறையே இன்றும் சிறந்தது. தொட்டியை முழுதும் நிரப்பி, தொலைவுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டியபின் மீண்டும் முழுதும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை நிரப்பிய அளவே இடையில் செலவானது. ஓடிய தொலைவை அதனால் வகுத்தால் விடை கிடைக்கும்.

எனினும், 'முழுதும்' என்னும் சொல்லில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. டீசல் நுரைக்கும் இயல்புடையது. நுரை எழும்பினால் பம்பின் நாசில் முன்னதாகவே நின்றுவிடும். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் அளவு மாறும். இவற்றால் அரை லிட்டர் பிழை நேர்வதாகக் கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டி, திருவில்லிபுத்தூருக்குச் சென்று திரும்பும் 24 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டரே செலவிடும். 1.2 லிட்டரில் அரை லிட்டர் பிழையென்றால் அது 40 விழுக்காட்டிற்கும் மேல்! அதே வண்டி 500 கிலோமீட்டர் ஓடினால் 25 லிட்டர் செலவாகும். அதே அரை லிட்டர் இப்போது 2 விழுக்காடு மட்டுமே. ஒருநாள் ஓட்டத்தை வைத்து, "என் வண்டி முப்பது தருகிறது" என்பவரின் கூற்றை நாம் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

ஒரே பங்க், ஒரே பம்பு, ஒரே நிற்குமிடம் என வைத்துக்கொள்வது பிழையை மேலும் குறைக்கும். விடியற்காலையில் நிரப்பினால் டீசல் கூடுதலாகக் கிடைக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. பங்கின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் ஒரு நாளுக்குள் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அதனால் பெறும் இலாபம் பொருட்படுத்தத் தக்கதன்று.

தொலைவுமானியையும் ஐயுற வேண்டும். அது சக்கரத்தின் சுற்றுகளையே எண்ணுகிறது. டயர் தேயும்போது சுற்றளவு குறைந்து, அதே தொலைவிற்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும். 290 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால், ஓடாத தொலைவு 2 விழுக்காடு கணக்கில் ஏறிவிடும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நன்று.

காற்று செய்யும் கணக்கு

ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று பாய்ந்து வீசும். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலை வடகிழக்கு நோக்கியது. ஆகவே, போகும்போது வண்டியைத் தள்ளிய காற்று திரும்பும்போது மறிக்கும். இருவழியும் ஓடினால் காற்றின் விளைவு சரியாகிவிடும் எனப் பலர் எண்ணுவர். கணக்கு வேறு சொல்கிறது.

காற்றுத்தடை, காற்றிற்கும் வண்டிக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வண்டியின் வேகம் 60, காற்றின் வேகம் 20, காற்று சாலையின் திசையிலேயே வீசுகிறது என எளிமைக்காகக் கொள்வோம். எதிர்காற்றில் சார்பு வேகம் 80, தடை 1.78 மடங்காகும். பின்காற்றில் சார்பு வேகம் 40, தடை 0.44 மடங்காகும். இரண்டின் சராசரி 1.11. போக வர ஓடியும் 11 விழுக்காடு கூடுதல் தடை எஞ்சுகிறது. காற்று வாங்கியதை முழுதும் திருப்பித் தருவதில்லை. எனவே ஆடியில் ஒரு வண்டியையும் மார்கழியில் மற்றொன்றையும் அளந்து ஒப்பிடுவது முறையாகாது.

மேற்கூரையில் ஏற்றும் சுமையும் இத்தகையதே. சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியைப் பொதிகளாகக் கட்டி மகிழுந்தின் மேல் அடுக்கினால், எடை சிறிதாயினும் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு பெருகிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அச்சுமையை எடையைக் காட்டிலும் அதன் உருவமே செலவாக்குகிறது.

புதிய டீசல் வண்டிகளில் மற்றொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகளால், டீசல் மகிழுந்துகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெற்றது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்து நீக்க எந்திரம் சிறிது கூடுதல் டீசலைச் செலவிடும். ஊருக்குள்ளேயே குறுகிய தொலைவு ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி நேரும். மதுரை வரை ஓடும் வண்டிக்கு அரிது.

ஒப்பிடும் கலை

இரு வண்டிகளை ஒப்பிட விரும்புவோர், ஒரே நாளில், ஒரே சாலையில், ஒத்த சுமையோடும் உரிய டயர்க் காற்றழுத்தத்தோடும் அவற்றை முன்பின்னாக ஓட்ட வேண்டும். பாதித் தொலைவில் ஓட்டுநர்கள் வண்டி மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் நாம் அளப்பது வண்டியையா, ஓட்டுபவரின் வலக்காலையா என்பது தெரியாது.

சராசரி காண்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. போகும்போது லிட்டருக்கு 24, வரும்போது 12 எனில், சராசரி 18 என மனம் விரைந்து சொல்லும். ஒவ்வொரு திசையிலும் 120 கிலோமீட்டர் எனக் கொண்டால், செலவு 5 லிட்டரும் 10 லிட்டரும். 240 கிலோமீட்டருக்கு 15 லிட்டர். ஆகவே விடை 16. கணிதத்தில் நாம் படிக்கும் இசைச் சராசரி இங்கே சாலையில் இறங்கி வருகிறது.

இதே வழுக்கலை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாரிக், சோல் ஆகியோர் 2008இல் ஆராய்ந்து, 'மைல் கணக்கின் மாயை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஒரு குடும்பத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வேனும், 20 தரும் மகிழுந்தும் உள்ளன. இரண்டும் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகின்றன எனக் கொள்வோம். வேனுக்கு மாற்றாக 12 தரும் வேனை வாங்குவதா, மகிழுந்திற்கு மாற்றாக 25 தரும் மகிழுந்தை வாங்குவதா? ஐந்து கூடுவதே மேல் என்று தோன்றும். வேனின் செலவு 3000 லிட்டரிலிருந்து 2500 ஆகும். மிச்சம் 500 லிட்டர். மகிழுந்தின் செலவு 1500இலிருந்து 1200 ஆகும். மிச்சம் 300 லிட்டரே. ஒரு லிட்டர் 90 ரூபாய் எனில், தவறான தேர்வால் அக்குடும்பம் ஆண்டுக்கு 18,000 ரூபாயை இழக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று எழுதுவதால் இம்மயக்கம் எழுவதில்லை.

ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு இருந்தால் போதும். நாள், தொலைவுமானி எண், நிரப்பிய லிட்டர், கொடுத்த தொகை என நான்கு கட்டங்கள்; கூரையில் சுமை இருந்ததா, ஏ.சி. ஓடியதா, காற்று எப்படி என்று எழுத ஐந்தாவதாக ஓர் அகன்ற கட்டம். பழைய டீசல் வண்டியை விலைபேசுபவர் இரண்டு மாதம் அளந்து பார்த்து வாங்க இயலாது. விற்பவரிடம் அத்தகைய குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்க இயலும்.