குரங்கு யார் முதுகில், சார்?

சீசனில் குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். கையில் இருக்கும் பழப்பை நமக்குச் சொந்தமில்லை. கண் இமைப்பதற்குள் குரங்கு அபேஸ் பண்ணிவிடும். பக்கத்தில் இலஞ்சியிலேயே குடியிருக்கும் எனக்கு இது பழகிப்போச்சு. நான் சொல்ல வந்தது வேறு குரங்கு. அது ஆபீஸில் இருப்பது. எதையும் பறிக்காது, முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்!

1974-ல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ' பத்திரிகையில் வில்லியம் ஆங்கன், டொனால்ட் வாஸ் என்று இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் வருகிற குரங்கு இது. மேனேஜர் நடந்து போகிறார். எதிரே உதவியாளர். "சார், நமக்கு ஒரு பிரச்னை..." மேனேஜருக்கு அவசரம். "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார். அவ்வளவுதான், உதவியாளர் முதுகில் இருந்த குரங்கு ஒரே தாவில் மேனேஜர் முதுகுக்கு வந்துவிட்டது! அடுத்த நாளே "என்ன சார் ஆச்சு?" என்று உதவியாளர் கதவைத் தட்டுவார். இப்போது யாருக்கு யார் அதிகாரி? லீவு நாளில் மேனேஜர் ஃபைல் பார்க்கப் போக, உதவியாளர்கள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பார்களாம். நம்மூரில் கோல்ஃப் ஏது? ஐந்தருவியில் தலையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்!

வேலை பார்ப்பதில் ஐந்து படி உண்டு என்கிறார்கள் அந்த இருவரும். சொல்லும்வரை சும்மா இருப்பது முதல் படி. என்ன செய்யட்டும் என்று கேட்பது இரண்டாவது. 'இப்படிச் செய்யலாமா?' என்று யோசனையோடு வருவது மூன்றாவது. செய்துவிட்டு உடனே சொல்வது நான்காவது. தானே செய்து முடித்து, வழக்கமான நேரத்தில் தகவல் தருவது ஐந்தாவது. முதல் இரண்டு படியில் யாரையும் நிற்க விடாதே என்பது மேனேஜருக்கு அவர்கள் சொல்லும் யோசனை.

ஆனால், நிற்க வைப்பதே சில அதிகாரிகள்தானே!

முன்பு நான் இருந்த ஆபீஸில் ஒருத்தர், "எனக்குத் தெரியாம ஒரு பேப்பர் நகரக் கூடாது" என்பார். பத்து நாள் லீவில் போனார். வல்லத்திலிருந்து ஒரு பாட்டி ஒரே ஒரு கையெழுத்துக்காக நாலு தடவை வந்து வந்து திரும்பியது. தலைமை எழுத்தர் அண்ணாச்சியே போட்டிருக்கலாம். கேட்டேன். "பவர் இருக்கு தம்பி. போன தடவை போட்டதுக்கு எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுபடியும் வேணுமா?" என்றார். பாட்டியின் பஸ் காசை யார் கணக்கில் எழுதுவது?

இதற்கு நேர் எதிரானதும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. தலைமை அலுவலகம் சென்னைப் பக்கம். கிளைதானே என்று சில்லறை வேலையாகத் தள்ளிவிடவில்லை. 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருளையே எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பார்க்கவா முடியும்?

நம்பி ஒப்படைத்த வேலை சொதப்பினால்? அங்கேதான் அதிகாரியின் சாயம் தெரியும். 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 'நிறுத்து' என்றது கம்ப்யூட்டர். நிபுணர்கள் தைரியம் சொல்ல, அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தது. அன்றைக்குத் தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேச அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்ன கதை இது.

ரிட்டயராகிவிட்ட அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ராக்கெட்டே கடல்ல விழுந்தும் அவரைத் திட்டலையா? நான் ஒரு கையெழுத்துதான தம்பி போட்டேன்!"