ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: நெல்லை வீட்டு ஏசிக்குப் பொருந்துமா?

அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவரும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பாளையங்கோட்டை வீட்டு ஸ்பிளிட் ஏசியில் மாட்ட முடியுமா? முடியாது.

ஏன்? அமெரிக்காவில் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம். தெர்மோஸ்டாட் என்பது 24 வோல்ட் சுவிட்ச்தான்: ‘ஆர்’ கம்பியை ‘ஒய்’யோடு சேர்த்தால் குளிர், ‘டபிள்யூ’வோடு சேர்த்தால் வெப்பம். வைஃபைக்கு இடைவிடாது மின்சாரம் வேண்டும். அது திரும்பும் வழியே ‘சி’ கம்பி.

நெல்லையில் ஹீட்டருக்கு வேலையில்லை, அறைக்கொரு ஏசி. உள்யூனிட்டிலுள்ள தெர்மிஸ்டரின் மின்தடை, சூடு ஏறினால் குறையும். அதைப் பார்த்துச் சர்க்யூட் போர்டு கம்ப்ரசரை இயக்கும். 230 வோல்ட்டைக் கொடுத்தால் அந்தத் தெர்மோஸ்டாட் கருகும்.

எப்படி ஸ்மார்ட் ஆக்குவது? கைபேசிக் கட்டளையை வைஃபையில் வாங்கி, ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிராக அனுப்பும் சிறு பெட்டி போதும். ஏசிக்கு எதிரே மறைப்பின்றி வையுங்கள். 24 டிகிரியில் தொடங்குங்கள். 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசிகளுக்கு அரசு விதித்த தொடக்க அளவும் அதுவே.