கண்ட்ரோல் டெக் கட்டப் போறீங்களா? முதல்ல டஸ்ட் கணக்கைப் பாருங்க!

ஹார்த்ஸ்டோன்ல கண்ட்ரோல் டெக் கட்டுறவங்க செய்யும் பெரிய தப்பு, ஆசைப்பட்டு முதல்ல லெஜண்டரி கார்டு செய்வதுதான். அதுக்கு 1600 டஸ்ட் ஆகும். பிடிக்கலைன்னு உடைச்சா 400 தான் திரும்பும், முக்கால்வாசி நஷ்டம்! அதே 1600-ல் 16 ரேர் கார்டு, இல்லைன்னா 4 எபிக் கார்டு செய்யலாம்.

இந்த டெக்குக்கு உயிரே எதிராளியின் மினியன்களை அழிக்கும் கார்டுகள்தான். ஒற்றை ஆளைத் தூக்க சில, மொத்தக் கூட்டத்தையும் துடைக்க சில வேணும். இலவச கோர் செட்டில் கிடைப்பதை முதல்ல எடுங்க. குறையுறதுக்கு மட்டும் டஸ்ட் போடுங்க. ஆட்டத்தை முடிக்கும் லெஜண்டரி கடைசியில்தான். ஸ்டாண்டர்டில் வருஷா வருஷம் பழைய செட்டுகள் வெளியேறும். சீக்கிரம் போகப்போற கார்டில் முதலீடு வேண்டாம். டஸ்ட் தீர்ந்தா அடுத்து கரையுறது உங்க சம்பளம்தான்!