கண்ணுக்கெட்டா உலகம் – 9: உறையாத பால்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டால், மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, 25 நாட்களும் மரக்கறியும் மோரும் தயிருமே அடுக்களையை ஆளுகின்ற எங்கள் குறிச்சியில், அயல்வீட்டு ஆச்சி ஒருவர் சென்ற மகோற்சவ காலத்தில் ஒருநாட் காலை வேலிப் பொட்டருகே வந்து நின்று, "தம்பி, இரவு விட்ட உறை பிடிக்கேல்லை, பால் பாலாவே கிடக்குது" என்று விசனப்பட்டார். நாவூறு, தீட்டு என்று அவர் காரணங்களை அடுக்கிக்கொண்டே போக, நான் பசுவைப் பற்றி விசாரித்தேன். மடி வீங்கியிருந்த அப்பசுவுக்கு முந்தைய தினந்தான் ஊசி போட்டிருக்கிறார்கள்.

மடிவீக்கத்துக்கு ஏற்றப்படும் பெனிசிலின் போன்ற ஔஷதங்கள் பாலிலே கசிந்து இறங்குகின்றன என்பதும், அடுப்பிலேற்றிக் காய்ச்சுவதனால் அவற்றின் வீரியம் முற்றாக அழிவதில்லை என்பதும், உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள் அவற்றின் அற்ப அளவுக்கே செயலிழந்துவிடுகின்றன என்பதும் பாற்கட்டி செய்வோர் நெடுங்காலமாக அறிந்த விஷயங்கள். வெப்பத்திற் செழிக்கும் ஒருவகைப் பற்றீரியாவை ஊதாச் சாயத்தோடு சேர்த்து வைத்து, அதன்மேற் பாலைத் துளிவிட்டு, சுமார் 64 பாகையில் சில மணி நேரம் காத்திருந்து, சாயம் மஞ்சளாகாவிடின் பாலில் மருந்துண்டு என்று தீர்மானிக்கும் பரிசோதனையொன்று பாற்றொழிலில் உண்டு. ஆச்சியின் சட்டி சாயமின்றியே அதனைச் செய்து முடித்திருந்தது.

ஆதலால் உறையாத பாலைக் கண்டு எனக்கு அச்சமில்லை. மருந்து கலந்திருந்தும் கட்டியாக உறைந்துவிடுகின்ற பாலே, அதைச் சந்தேகிக்க எவருக்கும் தோன்றாதாகையால், பொல்லாதது; அங்கே உறைமோரின் பற்றீரியாவுக்கு மருந்தை எதிர்க்கும் வித்தை கைவந்துவிட்டது. அயல்வீட்டில் ஒரு சிரட்டை உறைமோர் வாங்கிவரும் நம் வழக்கம்போலவே, பற்றீரியாக்களும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களைத் தமக்குள்ளே கைமாற்றிக்கொள்கின்றன. அதிலே அவை ஜாதிபேதம் பார்ப்பதில்லை (எங்கள் ஊரார் அவற்றிடம் கற்கத்தக்கது இது ஒன்றே).

நம்மவர் பலர் குடியேறியுள்ள சுவிற்சர்லாந்திலே, காய்ச்சாத பாலிற் செய்த மென்பாற்கட்டியொன்றிலிருந்து லக்ரோகொக்கஸ் லக்ரிஸ் என்னும் சாதுவான பற்றீரியாவைப் பிரித்தெடுத்த ஆய்வாளர்கள், ஸ்திரெப்ரோமைசின், தெற்றாசைக்கிளின், குளோரம்பெனிக்கோல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் மரபணுக்கள் அதன் ஒரே பிளாஸ்மிட்டிற் குடியிருந்ததை 1997ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று லிஸ்ரீரியாவினதையும் மற்றொன்று சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கஸினதையும் ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தன. கொடியவர்களிடம் கடன் வாங்கிய அந்தச் சாது, நாளை நம் குடலிலே வேறொரு கொடியவனுக்கு அதனைக் கொடாதென்பதற்கு யார் பிணை?

எல்லா எதிர்ப்பும் இத்தன்மையதன்று. லக்ரோபசிலஸ் இனங்கள் பலவற்றிடம் வன்கோமைசின் பலிக்காமற் போவது பிறவிக்குணம். அது பிறருக்குக் கைமாறுவதில்லை. ஆனால், "பால் காய்ச்சினதுதானே" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: காய்ச்சுதல் பாலின் கிருமிகளைக் கொல்லும்; பின்னர் விடும் உறையின் கிருமிகளையோ நாம் உயிரோடு உண்கிறோம்.

"அந்தப் பாலை என்ன செய்தனீங்கள், ஆச்சி?" என்று கேட்டேன்.

"வீணாக்கலாமே? கண்டுக்கு வைச்சிட்டன்."

மருந்தேறிய பாலைக் குடிக்கும் கன்றுகளின் குடலில் அம்மருந்துக்கு அஞ்சாத பற்றீரியாக்கள் பெருகுவதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அந்தக் கன்றின் சாணந்தான் எங்கள் கீரைப் பாத்திகளுக்குப் பசளை. அதன் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)